எஞ்சின் வைத்தியரும் படகின் அடிப்பக்கமும்

நோயாளியைக் குணப்படுத்தாமலே பெயர் வாங்கிய வைத்தியர்கள் இந்த நாட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் நோயே இல்லாத ஒரு நோயாளிக்கு மூன்று வருஷம் விடாமல் வைத்தியம் பார்த்து, கூடவே ஊரில் மரியாதையையும் சம்பாதித்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் நான் கிளார்க்காக இருந்த மிளகுக் கம்பெனியின் மோட்டார் படகுக்கு அவர் எஞ்சின் டிரைவர். நோயாளி என்று நான் சொன்னது அந்தப் படகின் டீசல் எஞ்சினை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை. முதலாளி முதல் படகுத்துறை ஜெட்டியில் சாயா ஆற்றுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் எஞ்சின் வைத்தியர். அந்தப் பட்டத்தை நாங்கள் கேலியாகத்தான் கொடுத்தோம். அவர் அதை அப்படியே பாராட்டாக எடுத்துக்கொண்டு, யாராவது புதிதாக வந்தால் தாமே சொல்லி அறிமுகம் செய்துகொள்வார்.

குள்ளமான, கெட்டியான ஆள். காக்கி அரை டிரவுசர், நெற்றியில் விபூதி, உடம்பு முழுக்க டீசல் வாசனை. கையில் ஒரு முழ நீளத்துக்கு ஸ்குரூ டிரைவர். அதன் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைத் தன் காதுக்குள் செருகிக்கொண்டு கண்ணை மூடுவார். நாடி பார்க்கிறாராம். அந்த நேரத்தில் நாங்கள் தும்மக்கூடக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "பித்தம் ஏறியிருக்கு" என்பார். எஞ்சின் சூடானால் பித்தம், உதறினால் வாதம், கரும்புகை கக்கினால் கபம். அவருடைய அகராதியில் எஞ்சினுக்கு வேறு வியாதி கிடையாது.

எஞ்சினை அவர் "மோளே" என்றுதான், அதாவது மகளே என்றுதான் கூப்பிடுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா கொச்சிக்குக் குப்பை வண்டி ஓட்ட வந்தவர். பேரனுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே பாத்திரத்தில் கலந்துபோயிருந்தன. காலையில் படகுக்குள் எஞ்சின் இருக்கும் குழிக்குள் இறங்கும்போது, "எந்தா மோளே, ராத்திரி நல்லா உறங்கினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவார். வீட்டில் அவர் மனைவியிடம் இத்தனை கனிவாகப் பேசி யாரும் கேட்டதில்லை என்று அந்த அம்மாவே ஜெட்டிக்கு வந்து எங்களிடம் புகார் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். அந்த மனிதருக்குத் தண்ணீர் என்றால் பயம். படகில் வேலை, நீந்தத் தெரியாது, தண்ணீரைக் குனிந்து பார்க்கவும் மாட்டார். ஜெட்டியிலிருந்து படகில் கால் வைக்கும்போது என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். எஞ்சின் குழிக்குள் இறங்கியபிறகுதான் திறப்பார். "தம்பி, தண்ணிக்கு மேல உள்ளதுக்குத்தான் நான் டிரைவர். தண்ணிக்குக் கீழ உள்ளதெல்லாம் வருண பகவான் பாத்துக்குவார்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். வருண பகவான் எங்கள் கம்பெனி ஊழியர் இல்லையே என்றேன். அவர் அந்தக் கேள்வியை மதிக்கவில்லை.

படகை ஓட்டுகிறவர் வேறு ஆள். அவரை ஸ்ராங்கு என்போம். வைப்பின் தீவுக்காரர், மலையாளி, ஒல்லியாக உயரமாக மேலே நின்று சுக்கான் பிடிப்பவர். ஸ்ராங்குக்கு முன்னால் பார்வை உண்டு, எஞ்சின் கிடையாது. டிரைவருக்கு எஞ்சின் உண்டு, பார்வை கிடையாது. அதனால் இருவருக்கும் நடுவே ஒரு கயிறும் ஒரு மணியும். ஒரு மணி அடித்தால் முன்னே, இரண்டு அடித்தால் பின்னே, மூன்று அடித்தால் நிறுத்தம், விடாமல் அடித்தால் வேகம். மணி இல்லாமல் டிரைவர் எஞ்சினைத் தொடக்கூடாது. அந்தக் காலத்துப் படகுகளில் இதுதான் சட்டம், இதை மீறியவனை எந்த முதலாளியும் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் படகில் அந்த மணியைத் தவிர இருவருக்கும் வேறு பேச்சுவார்த்தை இல்லை. வைத்தியர் தன் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை எஞ்சின் தலைமேல் வைத்துச் சூடு பண்ணுவது வழக்கம். ஒருநாள் ஸ்ராங்கு அதைப் பார்த்துவிட்டு, "இது கப்பை சூடாக்கான் மாத்ரம் கொள்ளாம்" என்று சொல்லிவிட்டார். கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கைச் சூடாக்கத்தான் இந்த எஞ்சின் லாயக்கு என்று அர்த்தம். வைத்தியரை அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். மோளைச் சொன்னதைப் பொறுக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அதற்கப்புறம் அவர்களுக்கு நடுவே நான்தான் தபால்காரன். இருவரும் கை எட்டும் தூரத்தில் நிற்பார்கள்.

"தம்பி, அந்தாளுட்ட சொல்லு, மணிய மெல்ல அடிக்கணும்னு. என் மோளு திடுக்கிடுறா."

"கணக்கப்பிள்ளே, அயாளோடு பறயு, எஞ்சினுக்குச் செவி இல்லான்னு."

நான் இரண்டையும் திருப்பிச் சொல்வேன். சொல்லாவிட்டால் என்மேல் கோபித்துக்கொள்வார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த படகுக்குத்தான் மெதுவாக வியாதி வந்தது. பெரிய முதலாளி இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கரையேற்றி, அடிப்பக்கத்தைச் சுரண்டி, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி இறக்குவார்கள். அவர் காலமானதும் மகன் சின்ன முதலாளி வந்தார். படித்தவர், விருதுநகர்ச் சூட்டிகை. "ஓடுற படகை எதுக்குய்யா தரையில ஏத்துறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அந்த வருஷம் ஏற்றவில்லை, அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் ஏற்றவில்லை. மிளகு வியாபாரம் மந்தமாக இருந்ததால் படகு பாதி நாள் ஜெட்டியில் கட்டிக்கிடந்தது. வேனல் காலத்தில் எங்கள் காயல் தண்ணீர் உப்புக் கரிக்கும். அசையாமல் கிடக்கும் மரத்தைக் கண்டால் கடலில் உள்ள சிப்பிக்கெல்லாம் சொந்த வீடு கிடைத்த சந்தோஷம். கொட்டலசு, சிப்பி, பாசி என்று ஒட்டிக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்ராங்கு 'முரு' என்றுதான் சொல்வார்.

படகின் வேகம் குறைந்தது. முன்பெல்லாம் எங்களைப் பார்த்துக் கை காட்டி வழிவிட்ட மணல் வள்ளக்காரர்கள், இப்போது கழி ஊன்றியபடியே எங்களைத் தாண்டிப்போய், "கயிறு தரட்டே சேட்டா? இழுத்துக்கிட்டுப் போறோம்" என்று கேட்டார்கள். ஒருநாள் தண்ணீர் கடலுக்கு வடிகிற இறக்கத்தில் மிதந்துவந்த ஓர் ஆகாயத்தாமரைப் பத்தை எங்களை முந்திக்கொண்டு போனது. அதன்மேல் உட்கார்ந்திருந்த கொக்கு, கண்ணை விட்டு மறையும்வரை எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. சின்ன முதலாளியும் அன்றைக்குப் படகில் இருந்தார்.

வைத்தியருக்குக் கை நிறைய வேலை வந்துவிட்டது. கரும்புகை கிளம்பியது. கபம் என்று இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினார். எஞ்சின் கொதித்தது. பித்தம் என்று ஆயிலை மாற்றினார். படகே நடுங்கும்படி உதறியது. வாதம் என்று அடிப்போல்ட்டுகளை முறுக்கினார். எஞ்சினைக் குளிரவைத்துவிட்டுப் படகின் பக்கத்துக் குழாய் வழியாக வெளியே கொட்டுகிற தண்ணீர், நாளுக்கு நாள் நூலாக இளைத்தது. அதைப் பார்த்து வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்பிள்ளை விஷயம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தி, "நீர்ச்சுருக்கு" என்றார். இளநீர் விட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தார். நான் முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியதால் விட்டுவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. ஜெட்டியில் கட்டிப்போட்டு கியர் போடாமல் ஓட்டினால் எஞ்சின் அருமையாக ஓடும். புகை இல்லை, இருமல் இல்லை. கியரைப் போட்டுப் படகு நகர்ந்ததும் மூச்சுத் திணறும். ஒரு வைத்தியனுக்கு இதைவிட நல்ல துப்பு வேண்டுமா? நம்மவர் அதை வைத்தும் யோசித்தார்.

"தம்பி, கவனி. பொறந்த வீட்டுல சிரிச்சுக்கிட்டு இருக்கா. புகுந்த வீட்டுக்குப் போனதும் இருமுறா. அப்ப கொறை யார் மேல?"

"யார் மேல?"

"மாப்பிள்ளை மேல!" என்று சொல்லி கியர் பெட்டியைப் பிரித்துப்போட்டார். படகு மறுபடியும் ஒரு வாரம் ஜெட்டியில் கிடந்தது. அடியில் இருந்த சிப்பிகள் பேரன் பேத்தி எடுத்தன.

ஸ்ராங்கு நீந்தத் தெரிந்தவர். ஒருநாள் சுக்கானில் சிக்கிய வலையை எடுக்க முங்கியவர், மேலே வந்ததும் நேராக என்னிடம் வந்தார். "கணக்கப்பிள்ளே, அடியில முழுக்க முருவாணு. புரொப்பல்லர் எதுன்னே தெரியல. அயாளோட எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல, அயாளோடு பறயு" என்றார். நான் போய்ச் சொன்னேன். நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்த என்னை அடிக்க வந்துவிட்டார் வைத்தியர்.

"முருவா? நெகத்தளவு இருக்குமா அது? என் மோளுக்கு முப்பது குதிரை சக்தி. முப்பது குதிரையை ஒரு சிப்பி புடிச்சு நிறுத்திச்சாம், நீயும் கேட்டுட்டு வந்து சொல்றே. வெக்கமா இல்ல உனக்கு?"

"ஒரு சிப்பி இல்ல அண்ணாச்சி, ஆயிரக்கணக்குல..."

"எத்தனையா இருந்தா என்ன, சிப்பி சிப்பிதானே? அவளுக்கு ஒடம்பு சரியில்ல, அவ்வளவுதான். வைத்தியம் பாத்தா சரியாயிடும்."

அப்போதுதான் எனக்கு அந்த மனிதரின் கிறுக்கு முழுதாகப் புரிந்தது. மோளுக்கு நோய் வரலாம், அதில் அவமானம் இல்லை. ஆனால் மோளு ஒரு சிப்பியிடம் தோற்றாள் என்று யாரும் சொல்லக்கூடாது.

சரி, சுரண்டித்தான் பார்ப்போமே என்றால் அதற்கும் வழியில்லை. மட்டாஞ்சேரி, வேலைக்கு வேலை எல்லைக்கல் நட்ட ஊர். மூட்டை தூக்குகிறவர் சாக்குத் தைக்கமாட்டார், சாக்குத் தைக்கிறவர் தராசைத் தொடமாட்டார். தொட்டால் சங்கத்துக் கொடி வந்துவிடும். அடிப்பக்கம் யாருடையது? "தண்ணிக்குள்ள இருக்கிறது ஸ்ராங்கு டிபார்ட்மெண்ட்" என்றார் வைத்தியர். "புரொப்பல்லர் எஞ்சினோட வாலு. வாலு கழுவுறது எஞ்சின் டிபார்ட்மெண்ட்" என்றார் ஸ்ராங்கு. சின்ன முதலாளியிடம் கரையேற்றச் சொல்லலாம் என்றால், வைத்தியரே குறுக்கே பாய்ந்து, "அதெல்லாம் வேண்டாம் முதலாளி, எஞ்சின்லதான் சின்னக் கோளாறு, நான் பாத்துக்குறேன்" என்றார். தன் வாயாலே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் முதலாளி அதை அப்படியே நம்பினார். எஞ்சினில்தான் கோளாறு என்று டிரைவரே சொன்னபிறகு எஞ்சினை மாற்றுவதுதானே முறை? எர்ணாகுளத்திலிருந்து ஒரு புது எஞ்சின் கம்பெனியின் ஏஜெண்டை வரவழைத்தார். கழுத்தில் டை கட்டி, பளபளவென்று கறுப்பு பூட்ஸ் போட்டு வந்த இளைஞன். குழிக்குள் எட்டிப் பார்த்து, "மியூசியத்துல வைக்கவேண்டியது சார்" என்றான். "எங்க எஞ்சினைப் போடுங்க. இங்க ஜெட்டியில வாங்குற சாயாவை வைப்பின்ல போய்ச் சூடாக் குடிக்கலாம். டிரைவரும் நாங்களே தருவோம், டிரெயினிங் ஆனவர்."

முதலாளிக்கு அந்த சாயாக் கணக்கு மிகவும் பிடித்துப்போனது. "வைத்தியரே, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். கையில சாயா கிளாஸோட உக்காருவேன். வைப்பின் போறதுக்குள்ள ஆறிடுச்சுன்னா, இந்த எஞ்சினைக் கழட்டி இரும்புக் கடைக்குப் போட்டுருவேன். அப்புறம் உங்களுக்கும் இங்க வேலை இருக்காது, என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார்.

வைத்தியரின் முகத்தில் அன்றைக்குப் போன ரத்தம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் திரும்பவில்லை. வேலை போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "இரும்புக் கடையில சம்மட்டியால அடிச்சு ஒடைப்பான் தம்பி. நான் பாத்திருக்கேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வாரம் மோளுக்கு நடந்த வைத்தியத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவர் கழற்றாமல் விட்டது அடிமரம் ஒன்றைத்தான். கண்ணம்மாள் கோவில் விபூதியைக்கூடக் கொண்டுவந்து சிலிண்டர் தலையில் பூசினார்.

ஞாயிறு காலை. முதலாளி வெள்ளைச் சட்டையில் கொதிக்கக் கொதிக்க சாயா கிளாஸோடு உட்கார்ந்தார், பக்கத்தில் ஏஜெண்ட். வைத்தியர் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "முதலாளி, கிளாஸை இப்படிக் குடுத்தா எஞ்சின் மேல வச்சுக்கலாமே, பத்திரமா இருக்கும்" என்றார். அந்த நிலைமையிலும் அந்த ஆள் திருட்டாட்டம் ஆடப் பார்த்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. முதலாளி கிளாஸைக் கொடுக்கவில்லை.

ஒரு மணி அடித்தது. படகு நகர்ந்தது என்று சொன்னால் அது மரியாதைக்காகத்தான். கரும்புகை எழுந்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக வந்து முதலாளியின் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது. பலகையெல்லாம் கடகடவென்று உதறியது. சாயாவில் பாதி முதலாளியின் மடியில் கொட்டியது. மீதிப் பாதியில் வெல்லிங்டன் தீவைத் தாண்டுவதற்குள் ஆடை படிந்துவிட்டது. ஏஜெண்ட் அந்த ஆடையைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஃபுல்லா விடச் சொல்லுங்க சார், இருக்கிற சக்தியையும் பாத்துருவோம்" என்றான் அவன். முதலாளி தலையாட்ட, ஸ்ராங்கு விடாமல் மணியடித்தார். குழிக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. நான் எட்டிப் பார்த்தேன். வைத்தியர் எஞ்சினுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், வியர்வையா கண்ணீரா என்று தெரியாத முகம். "போதும்னு சொல்லு தம்பி! இதுக்கு மேல ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும், அவ செத்துப்போவா!" என்று கத்தினார். நான் மேலே சொன்னேன். "ஓட்டச் சொல்லு!" என்றார் முதலாளி. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போது வைத்தியர் தன் வாழ்நாளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். நிறுத்தச் சொல்லி மணி வராமலே எஞ்சினை நிறுத்திவிட்டார்.

காயல் முழுக்கத் திடீரென்று அமைதி. ஸ்ராங்கின் கை மணிக்கயிற்றில் அப்படியே நின்றது. முதலாளி எழுந்து, ஆறிப்போன சாயாவைத் தண்ணீரில் ஊற்றினார். "திங்கக்கிழமை கழட்டிடுங்க" என்றார். வைத்தியர் குழியைவிட்டு வெளியே வரவில்லை. "கழட்டுங்க முதலாளி. ஆனா என் கையால கொல்லமாட்டேன்" என்று குழிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

இதற்கிடையில் தண்ணீர் இறங்கும் நேரம். எஞ்சின் இல்லாத படகை இறக்கம் கடல் வாய்ப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஸ்ராங்கு ஒரு கழியை ஊன்றி, திட்டித் தீர்த்தபடியே படகை வைப்பின் ஓரத்துச் சேற்றுத்திட்டில் ஏற்றிவிட்டார். கடலுக்குப் போவதைவிட சேறு மேல் என்பது அவர் கணக்கு. தண்ணீர் மேலும் இறங்க இறங்க, படகு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது. அதுவரை யாருடைய டிபார்ட்மெண்ட்டிலும் சேராத அடிப்பக்கம், ஊரே பார்க்க வெயிலில் மல்லாந்தது.

மரமே தெரியவில்லை. பலகைக்கு மேல் ஒரு சாண் கனத்துக்குச் சிப்பி, சிப்பிக்கு மேல் கொட்டலசு, அதற்கு மேல் பச்சைப் பாசி முழ நீளத்துக்குத் தாடியாகத் தொங்கியது. நண்டுகள் குடும்பத்தோடு வெளியே ஓடின. புரொப்பல்லர் இருக்கவேண்டிய இடத்தில் கப்பைக் கிழங்குக் கொத்து மாதிரி ஒன்று இருந்தது. எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் உள்ளே போகும் துளையை எங்கே என்று தேடவேண்டியிருந்தது. முப்பது குதிரையும் மூன்று வருஷமாக இதைத்தான் இழுத்துக்கொண்டு அலைந்திருக்கின்றன.

இறக்கத்தில் கக்கா என்கிற மட்டி பொறுக்க வந்த வைப்பின் பெண்கள் படகைக் கண்டதும் கூடையோடு ஓடிவந்தார்கள். "சேட்டா, இது படகோ, கறிக்கடையோ?" என்று கேட்டாள் ஒருத்தி. "எடுத்தோ சேச்சி, எல்லாம் எடுத்தோ!" என்றார் ஸ்ராங்கு, வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிற உற்சாகத்தோடு. அவர்கள் அரிவாளும் உளியுமாக உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல சிப்பி கூடைக்குப் போனது, மற்றது சேற்றில் விழுந்தது. எந்தச் சங்கத்திலும் இல்லாத அந்தப் பெண்களை எந்த டிபார்ட்மெண்ட்டும் தடுக்க முடியவில்லை.

வைத்தியர் குழியைவிட்டு எழுந்து வந்தார். சாய்ந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், சேற்றில் இறங்கினார். முழங்கால் வரை புதைந்தது. நடந்துபோய்ப் புரொப்பல்லர் முன்னால் நின்றார். பொதுவாக எல்லோரையும் பார்த்து, "இதை இங்க யாரு வச்சது?" என்று கேட்டார்.

"கடல் வச்சது" என்றார் ஸ்ராங்கு. இடையில் நான் இல்லாமல், நேராக அவரிடமே சொன்னார்.

வைத்தியர் இடுப்பிலிருந்த ஸ்குரூ டிரைவரை உருவினார். ஸ்ராங்கைக் குத்தப் போகிறார் என்று நான் நடுவே பாயப் பார்த்தேன். ஆனால் அவர் குனிந்து புரொப்பல்லரின் இதழைச் சுரண்ட ஆரம்பித்தார். ஸ்ராங்கும் ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த இதழுக்குப் போனார். "அங்க இல்ல, ஓரத்தில" என்றார் ஒருவர். "எனக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு" என்றார் மற்றவர். என் தபால் வேலை அன்றோடு போயிற்று. நான் தண்ணீர்த் துளையைக் குடைந்தேன். ஏஜெண்ட் உதவிக்கு வருகிறேன் பேர்வழி என்று கீழே குதித்தான். கால் வெளியே வந்தது, ஒரு பூட்ஸ் வரவில்லை.

மத்தியானம் தாண்டித் தண்ணீர் ஏறியது. படகு நிமிர்ந்தது. சாய்ந்து கிடந்த பக்கம் சேற்றுக்குள் இருந்ததால் அங்கே யாரும் சுரண்ட முடியவில்லை. ஒரு கன்னம் சவரம் செய்து ஒரு கன்னம் தாடியோடு எழுந்து போகிற ஆளைப்போலத்தான் எங்கள் படகு புறப்பட்டது. வைத்தியர் ஹேண்டிலைச் சுற்றினார். ஸ்ராங்கு ஒரு மணி அடித்தார்.

எல்லோரும் ஒருமுறை பின்னால் சரிந்து விழுந்தோம். அப்படி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. புகை இல்லை, உதறல் இல்லை. பக்கத்துக் குழாயில் தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. தாடி இருக்கிற பக்கமாகப் படகு இழுத்ததால் ஸ்ராங்கு சுக்கானை மறுபக்கம் தள்ளிப் பிடித்து, ஒரு காலை உந்தி நின்று ஓட்டினார், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. முன்பு கேலி பேசிய மணல் வள்ளங்கள் எங்கள் அலையில் ஆடின.

முதலாளி ஏஜெண்டின் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க புது எஞ்சினைப் போட்டிருந்தா, அதைப் பாத்து அந்தச் சிப்பியெல்லாம் பயந்து ஓடியிருக்குமா?" ஏஜெண்ட் தன்னுடைய ஒற்றை பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடுகிற படகை எதற்குக் கரையேற்றவேண்டும் என்று கேட்டவர் யார் என்பதை முதலாளிக்கு நினைவுபடுத்த நானும் ஸ்ராங்கும் முன்வரவில்லை. எங்களுக்கும் குடும்பம் இருந்தது. ஜெட்டி நெருங்கும்போது, "எஞ்சின் இருக்கட்டும். போய் அவர்ட்ட சொல்லிடு" என்றார் முதலாளி என்னிடம்.

படகு ஜெட்டியைத் தொட்டு, எஞ்சினும் நின்றபிறகு நான் குழிக்குள் இறங்கினேன். வைத்தியர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்குரூ டிரைவர் கீழே கிடந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் எஞ்சின் மேல் வைத்திருந்தார், அது சுட்டிருக்கவேண்டும்.

"மன்னிச்சுக்கோ மோளே. அத்தனை பாரத்தையும் ஒத்தையா இழுத்துக்கிட்டு வந்திருக்கே. ஒனக்கு ஒண்ணுமே இல்ல. நான்தான் ஒன்னைப் போட்டுக் கழட்டிக் கழட்டி..." என்றார்.

நான் சத்தமில்லாமல் மேலே ஏறிவிட்டேன். முதலாளி சொல்லச் சொன்னதை மேலே நின்றுகொண்டு உரக்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவரும் மேலே வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார், நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். ஜெட்டியில் சாயாக் கடைக்காரர், மூட்டைக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். "என்ன வைத்தியரே, படகு இப்படிப் பறக்குது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நேத்து ஒரு வாஷர் மாத்துனேன். அது இப்பத்தான் செட் ஆச்சு" என்றார் வைத்தியர்.

ஸ்ராங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வாஷரோ! எண்டெ தெய்வமே, வாஷரோ!" கூட்டம் முழுக்க ஒரே சிரிப்பு. முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீ அங்கதானேப்பா இருந்தே. நீ சொல்லு, வாஷரா?"

வைத்தியர் என்னைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கதையைச் சொல்லியே மூன்று வருஷம் அந்த ஜெட்டியில் ஓசி சாயா குடித்தவன் நான். இதைவிடப் பெரிய கதை எனக்கு இனிமேல் கிடைக்கப்போவதில்லை என்றும் தெரியும்.

"வாஷர்தான் முதலாளி. நானே பாத்தேன்" என்றேன்.

அந்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது என்பது, அதைச் சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே தெரிந்தது.